விளைச்சல் ஓரிடம், தலைமை வேறிடம்: பன்னாட்டு நிறுவனங்களின் நகரத் தேர்வும் கரிசல் வட்டாரமும்

பன்னாட்டு நிறுவனம் ஒன்று தொழிற்சாலையை எங்கே நிறுவுகிறது என்ற கேள்வியும் அலுவலகத் தலைமையை எங்கே வைத்துக்கொள்கிறது என்ற கேள்வியும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அவற்றின் விடைகள் பெரும்பாலும் வெவ்வேறு ஊர்களையே சுட்டுகின்றன. பல நாடுகளில் தொழில் நடத்தும் நிறுவனத்துக்குத் தாய்நாட்டில் ஒரு தலைமையகம் உண்டு. அதற்கு அடுத்த நிலையில், சில நாடுகளை ஒரு தொகுதியாகப் பிரித்து, அத்தொகுதியின் கிளைகளை மேற்பார்க்கவும் அவற்றின் செலவுக்கும் முதலீட்டுக்கும் ஒப்புதல் தரவும் அதிகாரம் பெற்ற அலுவலகம் வட்டாரத் தலைமையகம் எனப்படுகிறது. கிளைகளை ஒருங்கிணைக்க மட்டும் பொறுப்புள்ள, பெரிய முடிவுகளுக்கு மேலிடத்தைக் கேட்க வேண்டிய அலுவலகம் வட்டார அலுவலகம். ஒரு நாட்டின் விற்பனையையோ உற்பத்தியையோ கவனிப்பது உள்ளூர் அலுவலகம். ஹாங்காங் அரசின் புள்ளியியல் துறை வெளிநாட்டு நிறுவனங்களை ஆண்டுதோறும் கணக்கெடுக்கும்போது இம்மூன்று நிலைகளையும் தனித்தனியாகவே எண்ணுகிறது. ஏனெனில் பெயர்ப்பலகையின் அளவைவிட, அந்தக் கூரையின் கீழ் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதே ஒரு நகரத்தின் இடத்தைத் தீர்மானிக்கிறது.

இப்பொருளைச் சிங்கப்பூரிலோ மும்பையிலோ பேசுவதைவிடப் புதியம்புத்தூரில் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் கோவில்பட்டியின் கரிசல் நிலத்துக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் இடையே, ஓட்டப்பிடாரம் வட்டத்தில் அமைந்துள்ள இவ்வூர், அயல்நாட்டு நிறுவனங்கள் ஒன்றரை நூற்றாண்டாக வந்து வாங்கி, அரைத்து, நூற்று, ஏற்றிச் சென்ற பாதையின் மேலேயே இருக்கிறது. பொருள் விளையும் இடத்துக்கும் அப்பொருளைப் பற்றிய முடிவு பிறக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவைக் காண்பதற்கு இந்த வட்டாரத்தைவிடத் தெளிவான இடம் தமிழ்நாட்டில் அரிது.

பருத்தியும் தந்தியும்

தொழிற்சாலை எங்கே அமையும் என்பதற்கு ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வெபர் 1909-இல் ஒரு கோட்பாட்டை வகுத்தார். மூலப்பொருளையும் முடிந்த பொருளையும் ஏற்றிச் செல்லும் செலவு எங்கே மிகக் குறைகிறதோ அங்கே ஆலை அமையும் என்பதும், பக்குவப்படுத்தும்போது எடை இழக்கும் பொருளானால் ஆலை மூலப்பொருளை நோக்கி நகரும் என்பதும் அதன் சாரம். பருத்தி இதற்கு நேரான சான்றாகும். காட்டிலிருந்து எடுத்த பருத்தியை அரைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பஞ்சாகத் தேறி, எஞ்சியது கொட்டையாகப் பிரிவதால், கொட்டையோடு சேர்த்துக் கடல் கடத்துவது வீண். பிரிந்த பஞ்சோ இடத்தை அடைப்பதால், அதை அழுத்திப் பொதியாக்காமல் கப்பலில் ஏற்றுவதும் வீண். ஆகவே அரவை ஆலைகள் கரிசல் ஊர்களிலும், பொதி அழுத்தும் நிலையங்கள் துறைமுகத்திலும் எழுந்தன. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் லங்காஷயர் ஆலைகளுக்கு வரவேண்டிய பருத்தியை நிறுத்தியபோது இந்தியப் பருத்தியின் விலை ஏறியது; 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது; மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் பாதை முடிந்தது. லிவர்பூல் சந்தையில் 'டின்னவெல்லி' என்ற பெயரிலேயே விலை பேசப்பட்ட பருத்தி, கருங்கண்ணியும் உப்பமும் விளைந்த இந்தக் காடுகளுடையது. தூத்துக்குடியில் இன்றும் வழங்கும் 'கிரேட் காட்டன் ரோடு' என்ற பெயர் அக்காலத்தின் எச்சமாகும்.

அந்தத் துறைமுகத்தில் பஞ்சு வாங்கிய நிறுவனங்களில் ராலி சகோதரர்கள், வோல்கார்ட் சகோதரர்கள் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கியோஸ் தீவைச் சேர்ந்த கிரேக்கக் குடும்பத்தாரின் நிறுவனமான ராலியின் தலைமை லண்டனில் இருந்தது. வோல்கார்ட் 1851-இல் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலும் பம்பாயிலும் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டு, 1857-இல் கொழும்பிலும் 1859-இல் கொச்சியிலும் 1861-இல் கராச்சியிலும் கிளை விரித்தது. தொடக்கத்தில் இத்தகைய கிளைகளின் மேலாளருக்குப் பெரும் சுதந்திரம் இருந்தது. கடிதம் போய்ப் பதில் வர மாதங்கள் ஆனதால், என்ன விலைக்கு எவ்வளவு வாங்குவது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1870-இல் கடலடிக் கம்பி பம்பாயைச் சூயஸ் வழியாக இங்கிலாந்தோடு இணைத்த பின், ஐரோப்பியச் சந்தையின் விலை உடனுக்குடன் இந்தியாவுக்கு வந்தது. ஐரோப்பாவின் உத்தரவும் அதே கம்பியில் வந்தது. செய்தி விரைந்தால் கடைக்கோடி ஊருக்கு அதிகாரம் பரவும் என்ற பொதுவான எதிர்பார்ப்புக்கு மாறாக, விரைவான செய்தித்தொடர்பு தொலைவிலுள்ள கிளையின் தன்னுரிமையைக் குறைத்து, தலைமையின் கையை நீட்டிவிட்டது. இணையம் வந்த பிறகு நிகழ்ந்ததும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கத் தக்கது.

இதற்கு ஓரளவு விதிவிலக்காக நின்றவர்கள் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துச் சகோதரர்கள். அவர்கள் நடத்திய ஏ அண்ட் எஃப் ஹார்வி நிறுவனம், தாமிரபரணியின் நீர்விசையை நம்பிப் பாபநாசத்திலும், துறைமுகத்தை நம்பித் தூத்துக்குடியிலும், ரயிலை நம்பி மதுரையிலும் ஆலைகளை அமைத்தது. மதுரை ஆலை 1892-இல் எழுந்தது. அக்காலத்து 'மேனேஜிங் ஏஜென்சி' முறைப்படி, பங்குதாரர்களுக்குச் சொந்தமான கம்பெனியை வேறொரு கூட்டு நிறுவனம் ஒப்பந்தத்தின்பேரில் நிர்வகித்து அதற்கு ஊதியம் பெறும். அந்த நிர்வாக நிறுவனம் இத்தென்கோடியிலேயே அமர்ந்திருந்ததால், பஞ்சு வாங்குவது முதல் புதிய கதிர் நிறுவுவது வரை பல முடிவுகள் இங்கேயே எடுக்கப்பட்டன. 1970-இல் அம்முறை இந்தியாவில் சட்டத்தால் ஒழிந்தது. 1974-இல் மதுரா மில்ஸ், உலகத் தையல் நூல் நிறுவனமான கோட்ஸுடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. பதிவு அலுவலகம் மதுரையில் நிலைக்க, நிர்வாக அலுவலகம் பெங்களூரில் அமைந்தது. அந்நிறுவனம் 1988-இல் தொடங்கிய ஆயத்த ஆடைப் பிரிவான மதுரா கார்மெண்ட்ஸ் 1999-இல் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குப் போனபோதும் பெங்களூரிலேயே தலைமையை வைத்துக்கொண்டது. மதுரையின் பெயரைத் தாங்கிய அந்த ஆடை வணிகம் எந்தச் சட்டையை எந்த விலைக்கு விற்பது என்பதை மதுரையில் தீர்மானிக்கவில்லை.

துறைமுகத்திலேயே தலைமையகம்: 1906

இவ்வட்டாரத்தில் தலைமை விளைச்சலின் அருகிலேயே அமைந்த அரிய நிகழ்வு சுதேசி நாவாய்ச் சங்கம். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் 1906 அக்டோபர் 16 அன்று பதிவான அந்தக் கம்பெனி, தலா 25 ரூபாய் மதிப்பில் 40,000 பங்குகளாக 10 லட்சம் ரூபாய் மூலதனத்தைத் திட்டமிட்டு, பாண்டித்துரைத் தேவரைத் தலைவராகக் கொண்டு, தூத்துக்குடியையே தலைமையிடமாக்கியது. எதிரே நின்ற பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியோ 1856-இல் கல்கத்தாவில் முளைத்து, மக்கின்னன் மெக்கென்சி நிறுவனத்தின் நிர்வாகத்தில் வளர்ந்து, இந்துமாக்கடல் முழுதும் வழித்தடங்களை விரித்திருந்தது. தூத்துக்குடியில் அதன் முகவர்கள் ஹார்விகளே.

இப்போட்டியை நாட்டுப்பற்றின் வரலாறாகப் பலரும் எழுதியுள்ளனர். தலைமையகங்களின் போட்டியாகவும் அதை வாசிக்க முடியும். கொழும்பு வழித்தடத்தின் பயணிகளையும் வணிகர்களையும் அறிந்திருந்ததில் சுதேசிக் கம்பெனிக்கு இணையில்லை. ஆனால் கப்பல் வாடகைக்கும் விலைக்கும் கிடைக்கும் சந்தை தூத்துக்குடியில் இல்லை. முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கப்பல்கள் நெருக்குதலால் திரும்பப் பெறப்பட்டன. பின் கேலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்குவதற்குப் பம்பாய்க்கும் பிரான்சுக்கும் ஆள் போக வேண்டியிருந்தது. பெரிய கம்பெனி கொழும்புக் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியபோது, அந்த நட்டத்தை வேறு வழித்தடங்களின் இலாபத்தால் ஈடுகட்ட அதனால் முடிந்தது. ஒரே வழித்தடத்தை நம்பிய கம்பெனிக்கு அவ்வசதி இல்லை. இறுதியில் தீர்ப்பெழுதியது சந்தை அன்று, அரசாங்கம்: ஹார்விகளின் தூத்துக்குடி ஆலையான கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தை அடுத்து, மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார்; தலைவரை இழந்த கம்பெனி சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. தலைமையகம் நிலைக்க வேண்டுமானால் உள்ளூர் அறிவோடு மூலதனம் திரட்டும் சந்தையும், இடரைப் பகிர்ந்துகொள்ளும் வலைப்பின்னலும், பகையாக மாறாத சட்டமும் தேவை என்பதை இந்நிகழ்வு எந்தப் பாடநூலையும்விட நன்றாகக் காட்டுகிறது.

தீப்பெட்டி காட்டும் இன்னொரு பக்கம்

உற்பத்தியில் பெருநிறுவனமே தோற்கவும் கூடும் என்பதற்குத் தீப்பெட்டி சான்று. ஸ்வீடனின் தீப்பெட்டி நிறுவனம் 1923-இல் இந்தியாவில் 'விம்கோ'வைத் தொடங்கி, பம்பாயை அடுத்த அம்பர்நாத்திலும் சென்னையை அடுத்த திருவொற்றியூரிலும் பிற இடங்களிலும் இயந்திர ஆலைகளை நிறுவியது. அதே காலத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பிய சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய கைத்தொழில், சாத்தூர், கோவில்பட்டி ஊர்களெங்கும் பரவியது. மழை குறைந்த வறண்ட காற்று குச்சியும் மருந்தும் உலர உதவியது; மானாவாரி வேளாண்மை ஆண்டின் பல மாதங்கள் வேலை தராததால் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது; அக்கூலியாட்களில் நெடுங்காலம் சிறுவர் சிறுமியரும் இருந்தனர் என்பது மறைக்கத் தகாத உண்மை. 1934-இல் விதிக்கப்பட்ட தீப்பெட்டி உற்பத்தி வரியில் சிறு ஆலைகளுக்குக் கிடைத்த சலுகையும் சேர்ந்து, உற்பத்தியின் பெரும்பகுதி கரிசல் வட்டாரத்துக்கு வந்தது. ஆனால் முடிவு வேறாக அமைந்தது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.டி.சி., சிறு ஆலைகளின் தீப்பெட்டிகளை வாங்கித் தன் வணிகப்பெயரில் விற்பதுடன், விம்கோவையும் தன் குழுமத்துக்குள் கொண்டுவந்தது. செய்பவர் இங்கே வென்றும், பெயரும் பரவலான விற்பனை ஏற்பாடும் வேறிடத்தில் தங்கின.

இன்று நகரம் தேர்ந்தெடுக்கப்படும் விதம்

கனடாவில் பிறந்த பொருளியலாளர் ஸ்டீஃபன் ஹைமர் 1972-இல் வெளியான கட்டுரையொன்றில், பன்னாட்டு நிறுவனத்தின் பணிகளை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்: அன்றாட உற்பத்தி, அதை ஒருங்கிணைத்தல், நெடுநோக்கு முடிவுகள். முதலடுக்கு ஆட்களையும் மூலப்பொருளையும் தேடி உலகெங்கும் பரவும். இரண்டாவது, எழுத்தர்களும் கணக்கர்களும் தொடர்பு வசதியும் நிறைந்த சில நகரங்களில் குவியும். மூன்றாவது, மூலதனச் சந்தையும் ஊடகமும் அரசும் அருகிருக்கும் மிகச்சில மாநகரங்களில் மட்டும் தங்கும் என்பது அவர் கணிப்பு. வட்டாரத் தலைமையகம் இரண்டாம் அடுக்கின் உச்சியில் நிற்கிறது. சமூகவியலாளர் சஸ்கியா சாசன் 1991-இல் நியூயார்க், லண்டன், டோக்கியோ ஆகியவற்றை ஆராய்ந்து இதற்கு ஒரு திருத்தம் சேர்த்தார். தலைமையகம் தனித்து இயங்குவதில்லை. வழக்கறிஞர், தணிக்கையாளர், வங்கியாளர், விளம்பரக்காரர், காப்பீட்டாளர் ஆகியோரின் கூட்டத்தையே அது தேடிச் செல்கிறது. அக்கூட்டம் ஏற்கெனவே இருக்கும் நகரத்துக்கே அடுத்த நிறுவனமும் வருவதால், முந்திக்கொண்ட நகரம் மேலும் முந்துகிறது.

நடைமுறையில் தேர்வு, நீண்ட பட்டியலில் தொடங்கிக் குறும்பட்டியலாகச் சுருங்கி, அதிகாரிகள் நேரில் சென்று பார்ப்பதிலும் அரசு முகமைகளோடு பேரம் பேசுவதிலும் முடிகிறது. முதலில் பார்க்கப்படுவது விமானத் தொடர்பு. காலையில் புறப்பட்ட மேலாளர் தம் தொகுதியிலுள்ள எந்த நாட்டுக்கும் இடையில் மாறாமல் போக முடிகிறதா, அலுவல் நேரம் தாய்நிறுவனத்தின் அலுவல் நேரத்தோடு சில மணிநேரமாவது ஒத்துவருகிறதா என்பன அளக்கப்படுகின்றன. அடுத்தது சட்டம்: ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்கு எத்தனை ஆண்டு நீளும், நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன் தீர்க்க வழியுண்டா, இலாபத்தை வெளியே அனுப்பத் தடையுண்டா என்பவை. மூன்றாவது வரி: இங்கே வரிவிகிதத்தைக் காட்டிலும், ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி கேட்பதைத் தடுக்கும் இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தங்களின் எண்ணிக்கையும், விதிகள் ஆண்டுக்காண்டு மாறாத உறுதியும் எடைபோடப்படுகின்றன. நான்காவது மனிதர்: பல மொழி தெரிந்த இடைநிலை மேலாளர்கள் கிடைப்பது, வெளிநாட்டு அலுவலரின் வாழ்க்கைத்துணைக்கு வேலை உரிமை, பிள்ளைகளுக்குப் பள்ளி, வீட்டு வாடகை ஆகியவை. கடைசியாக, பட்டியலில் எழுதப்படாமலே வலிமையோடு செயல்படும் காரணம், முடிவெடுப்பவர்கள் தாங்களே எந்த நகரத்தில் வாழ விரும்புகிறார்கள் என்பது.

சிங்கப்பூர் இப்பட்டியலைப் படித்துவிட்டே தன்னைச் செதுக்கிக்கொண்டது எனலாம். 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம், 1981-இல் சாங்கி விமான நிலையம், 1986-இல் தலைமையகங்களுக்கென்றே வரிச்சலுகைத் திட்டம், 1991-இல் அனைத்துலக நடுவர் மன்றம் என்று முப்பதாண்டு வரிசையாகக் கட்டப்பட்டதன் பயனாக, சந்தை மிகச் சிறிதாயிருந்தும் அது தலைமையகங்களின் ஊராயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் தன் பன்னாட்டுப் பிரிவின் தலைமையை 2014-இல் ஷாங்காயிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றியபோதும் அது கார் விற்றது முக்கியமாகச் சீனாவில்தான். சீனாவைத் தனியாக நிர்வகித்து, எஞ்சிய நாடுகளை எவருடையதும் அல்லாத நடுவிடத்திலிருந்து நடத்துவதே நோக்கமாக இருந்தது.

இதற்கு நேரெதிரான வழி சவூதி அரேபியாவுடையது: வட்டாரத் தலைமையகத்தைத் தன் நாட்டில் வைக்காத நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் செய்வதில்லை என்று 2021-இல் அறிவித்து, 2024 முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து, ரியாத்துக்கு வருவோருக்கு 30 ஆண்டு வரிவிலக்கும் தந்தது. அரசே பெரிய வாடிக்கையாளராக உள்ள இடத்தில்தான் இது செல்லும். போயிங் நிறுவனத்தின் நகர்வும் இதை ஒட்டியதே. விமானம் கட்டும் சியாட்டிலை விட்டு 2001-இல் சிகாகோவுக்குத் தலைமையகத்தை மாற்றிய அந்நிறுவனம், 2022-இல் அமெரிக்கப் படைத்துறைத் தலைமை அமைந்துள்ள ஆர்லிங்டனைத் தேர்ந்தது.

தமிழ்நாடும் தலைமையும்

தமிழ்நாட்டின் அனுபவம் ஹைமரின் அடுக்குகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இங்கு வந்து, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. சென்னைத் துறைமுகம், உதிரிபாக ஆலைகள், பொறியியல் பட்டதாரிகள் என்ற மூன்றும் வெபரின் கணக்குப்படியே அதை ஈர்த்தன. ஆனால் அதன் நிர்வாகத் தலைமையகம், மத்திய அமைச்சகங்களும் பன்னாட்டு விமானங்களும் எட்டும் தொலைவிலுள்ள குருகிராமில் இருக்கிறது. சென்னை வென்றது வேறொரு நிலையில்: உலக வங்கி தன் கணக்குப் பணிகளுக்கான அலுவலகத்தை 2001-இல் இங்கு தொடங்கியது முதல், தாய்நிறுவனத்தின் கணக்கு, மென்பொருள், வடிவமைப்பு ஆகிய வேலைகளைச் செய்யும் 'உலகத் திறன் மையங்கள்' இங்கு பெருகின. அவற்றில் திறமை மிகுதி. எனினும் எதைச் செய்வது என்ற அதிகாரம் எவ்வளவு இறங்கிவருகிறது என்பது மையத்துக்கு மையம் வேறுபடுகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில் நிகழ்வது இப்போது முதலடுக்கின் புதிய அலை. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி 2025 ஆகஸ்டில் திறந்த மின்கார் ஆலையைத் துறைமுகமும் சிப்காட் நிலமும் ஈர்த்தன. 1974-இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடியோடு, வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் திறந்த புதிய விமான முனையமும் சேர்ந்துள்ளது. இவை ஆலைகளை வரவழைக்கும். வட்டாரத் தலைமையகத்தை வரவழைக்கப் போதா. ஆயினும் அடுக்குகள் கல்லில் செதுக்கியவை அல்ல என்பதற்கு ஜோஹோ ஒரு சான்று: பல நாடுகளில் விற்பனையுள்ள அந்நிறுவனம் 2011 முதல் தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தி, மென்பொருளை உருவாக்கும் பணியையே அங்கு ஒப்படைத்திருக்கிறது. அது நிகழ்ந்ததற்குக் காரணம் நிலமோ சலுகையோ அன்று. உரிமையாளர் தமிழ்நாட்டவராக இருந்ததும், முடிவெடுக்கும் இடம் பற்றி அவரே முடிவெடுக்க முடிந்ததுமே.

இவ்வூருக்கு எஞ்சும் பாடம்

ஆயத்த ஆடைத் தையலால் 'குட்டி திருப்பூர்' என்று பெயர்பெற்ற புதியம்புத்தூர், ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் தலைமையகத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மேற்கண்ட வரலாற்றில் அதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் தலைமையகம் என்பது ஒரு கட்டடமாக இருப்பதற்கு முன்பு சில முடிவுகளின் தொகுதியாக இருக்கிறது: எந்த அளவில் வெட்டுவது, எந்தத் துணியை எந்தப் பருவத்துக்கு வாங்குவது, என்ன பெயரில் விற்பது, யாருக்கு எத்தனை நாள் கடன் தருவது, விலையை யார் குறிப்பது. வேறூர் வணிகர் அனுப்பும் துணியை அவர் சொல்லும் அளவில் பீஸ் கணக்கில் தைத்து, அவர் பெயர்ச்சீட்டையே ஒட்டி அனுப்பும் பட்டறையில் இம்முடிவுகள் ஒன்றும் இல்லை. கூலி ஏறினால் அந்த வேலை, அரவை ஆலைகளைப் போலவே, மலிவான அடுத்த ஊருக்குப் போய்விடும். அதே பட்டறைகள் பலவும் சேர்ந்து ஒரு பொது வடிவமைப்புக் கூடத்தையும், துணியின் சாயமும் சுருக்கமும் சோதிக்கும் ஆய்வகத்தையும், பதிவு செய்த ஒரு வணிகப்பெயரையும், வெளிமாநிலச் சந்தையில் ஒரு விற்பனை அலுவலகத்தையும் நடத்துமானால், அந்தச் சிறு தொழிலுக்குரிய தலைமையகம் இங்கேயே அமைந்துவிடும்.

1906-இன் கம்பெனி இவ்வழியில் விட்டுச்சென்ற எச்சரிக்கையும் உண்டு. உள்ளூர் அறிவும் உள்ளூர் உறுதியும் மட்டும் இருந்தால் விலைப்போரின் முதல் ஆண்டைக்கூடத் தாண்டுவது கடினம். ஒரே சந்தையை நம்பாமை, நட்டத்தைத் தாங்கும் கூட்டு நிதி, கணக்கும் சட்டமும் தெரிந்த நிர்வாகம் ஆகிய மூன்றும் அதோடு சேர வேண்டும். இம்மூன்றில் எதையும் சிப்காட் நிலத்தோடு சேர்த்து அரசு ஒதுக்கித் தர முடியாது. தொழில் செய்வோர் தாமே கட்ட வேண்டியவை அவை. பெருநிறுவனங்கள் நகரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் தேடுவதும் இவற்றையே என்பதால், இவற்றைத் தனக்காகக் கட்டிக்கொள்ளும் ஊர், வெளியிலிருந்து எவர் வந்தாலும் வராவிட்டாலும், தன் தொழிலின் முடிவுகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் தகுதியைப் பெறுகிறது.